ஊற்றுக்குள் இருந்து ஒரு பதில்

பூமயில் கூப்பிட்டாள். கூத்தையா வாயைத் திறக்கவில்லை. ஆனாலும் பதில் போய்விட்டது.

"இருக்கீகளா?" என்று வீட்டுப் பக்கமிருந்து வந்த அந்தக் கேள்வி அன்றைக்கு முப்பதாவது தடவையோ நாற்பதாவது தடவையோ, அவன் எண்ணுவதை விட்டு வெகுநாளாகியிருந்தது. பங்குனி வெயில் உச்சந்தலைக்கு நேராக நின்றது. விடிந்ததிலிருந்து குனிந்து மிளகாய்ப் பழம் பறித்ததில் விரல் நுனியெல்லாம் எரிந்தது, புருவத்து வேர்வை கண்ணுக்குள் இறங்கிக் கரித்தது, நாக்கு காய்ந்து அண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது. இந்த ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பேசாமல் இருந்தால்தான் என்ன என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. அதற்காக யாரும் அவனைத் திட்ட வேண்டாம். மூன்று மாதமாக விடிந்தால் அடைந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவன் அவன். வேறு எவன் சொல்லியிருப்பான்?

"இருக்கேன் புள்ள."

அவனுடைய குரல்தான். காலையில் இருமி இருமிக் கரகரத்துப்போன அதே தொண்டை. 'புள்ள' என்பதைக் கொஞ்சம் இழுத்து விடுகிற அதே இழுப்பு. ஓடைப் பக்கமிருந்து, தாழ்வாக, மண்ணுக்கு நெருக்கமாக வந்தது.

"சரி," என்றாள் பூமயில் வீட்டுக்குள்ளிருந்து. எப்போதும் சொல்வதுபோல.

கூத்தையா கையிலிருந்த பழத்தோடு அப்படியே நின்றான். புஞ்சைக்குள் ஈ காக்கை இல்லை. வரப்போரத்துப் பனைகளில் காய்ந்த ஓலைகள் கடல் காற்றில் சரசரவென்று உரசிக்கொண்டிருந்தன, எங்கேயோ ஒரு ஆடு ஒரு தரம் கத்தி நிறுத்தியது, மிளகாய்க் காரமும் சூடேறிய மண் வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறின, நிழல் என்று பார்த்தால் அவன் காலுக்கடியில் ஒரு கைப்பிடி இருந்தது, அவ்வளவுதான். தொண்டையைத் தொட்டுப் பார்த்தான். நாமேதான் சொல்லிவிட்டு மறந்துவிட்டோமா? அசதியில் மனுசனுக்கு என்னென்னவோ வரும். சொல்லியிருப்போம் என்று முடிவு கட்டிக்கொண்டு, மனசு கேட்காமல், ஓடைக்குப் போய் எட்டிப் பார்த்தான்.

வீட்டுக்குப் பின்னால் காய்ந்து கிடந்த மணல் ஓடை அது. அதன் நடுவே ஒன்றரை ஆள் ஆழத்துக்கு அவனே தோண்டிய ஊற்று. அடியில் ஒரு சாண் தண்ணீர் தேங்கியிருந்தது. இறைக்கிற சிரட்டை அதில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது, இப்போதுதான் யாரோ கையை எடுத்தாற்போல.

ஆள் இல்லை.

நயா பைசா வந்த மறுவருடம், கார்த்திகை மாதத்தில்தான் பூமயிலுக்கு இது வந்தது. கல்யாணமாகி நாலாவது வருடம். இன்ன காரணம் என்று ஒன்றும் கிடையாது. சாவில்லை, சண்டையில்லை, அந்த வருடம் மழைகூட ஒழுங்காகப் பெய்து கம்பு நன்றாகக் கதிர் பிடித்திருந்தது. சாயல்குடிக்குத் தெற்கே மூன்று மைலில் இருக்கிற அந்தச் சின்ன ஊரில் பூமயில் அளவுக்கு வாயாடி யாரும் கிடையாது. கூத்தையா பனங்காய் மாதிரித் தலையை வைத்துக்கொண்டு பொண்ணு பார்க்க வந்தான் என்று அவனிடமே சொல்லிச் சொல்லிச் சிரிப்பவள். அப்படிப்பட்டவள் ஒருநாள் காலையில் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை.

"ஒடம்புக்கு என்ன புள்ள?"

"ஒண்ணுமில்ல. எந்திரிக்க ஏலல."

மறுநாளும் ஏலவில்லை. தலை சீவவில்லை, ஆக்கிய சோற்றைத் தொடவில்லை. சுவரைப் பார்த்தபடி ஒருக்களித்துப் படுத்திருப்பாள். கண்ணில் தண்ணீர் தானாக ஓடிக்கொண்டிருக்கும், ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அதற்கப்புறம் பயம் வந்தது. கூத்தையா கண்ணுக்கு மறைந்தால் போதும், அவள் கையும் காலும் சில்லிட்டுப் போகும், நெஞ்சு அடித்துக்கொள்வது ரவிக்கைக்கு மேலேயே தெரியும்.

"நீங்க செத்துப் போயிட்டீகன்னு நெனப்பு வருது," என்றாள். "அது வெறும் நெனப்புன்னு தெரியுது. தெரிஞ்சாலும் வருது. நான் என்ன செய்ய?"

ஊர் வாய் சும்மா இருக்குமா? பேய் அடித்துவிட்டது என்றது. அவள் அண்ணன் முனியசாமி வந்து, தர்காவில் கொண்டுபோய் நாற்பது நாள் விட்டுவிட்டு வந்துவிடு, தெளிந்துவிடும் என்றான். கூட இருக்கலாம், விட்டுவிட்டு எப்படி வருவது? கூத்தையாவுக்கு அது மட்டும் முடியவில்லை. கீழக்கரைக்குப் பஸ் ஏற்றிக் கூட்டிப்போய், மருந்துக்கடை ஹமீது சுல்தானிடம் காட்டினான். பெரிய டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்து நரைத்தவர் அவர்.

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல தம்பி," என்றார் அவர். "மனசு சோந்து கெடக்கு. நான் குடுக்குற மருந்து தூங்கத்தான் வைக்கும். அல்லாஹ் நாடுனா சரியாயிரும், ஆனா நாளாகும். தனியா மட்டும் விட்டுறாதிய."

அவன் விட்டுவிட்டான். மார்கழியில் ஒருநாள். உழவு மாட்டுக்கு லாடம் அடிக்கப் போனவன் திரும்பப் பொழுது சாய்ந்துவிட்டது. வீட்டில் அவள் இல்லை. ஊர்த் தோட்டத்துக் கிணற்றின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தாள், கால் விரல்கள் உள்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்க.

"கூப்புட்டுப் பாத்தேன். பதில் வரல," என்றாள், அவன் கட்டிப்பிடித்து இழுத்துக் கீழே உட்கார வைத்த பிறகு. "பதில் வரலைன்னதும், பெறகு நான் எதுக்குன்னு தோணிருச்சு."

அன்றைக்கு அவன் பெண்பிள்ளைபோல விம்மி விம்மி அழுதான். அன்றைக்குத்தான் அந்த ஏற்பாடும் ஆனது. அவள் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம். எங்கே இருந்தாலும் அவன் உடனே பதில் சொல்லுவான். கூப்பிடு தூரத்துக்கு அப்பால் போகமாட்டான். இன்னொருவன் புஞ்சைக்குக் கூலிக்குப் போவதை நிறுத்தினான். மாசியில் ஊர் ஊருணி வற்றியபோது மற்றவர்கள் ஒன்றரை மைல் நடந்தார்கள். அவன் வீட்டுக்குப் பின்னாலேயே ஓடையில் ஊற்றுத் தோண்டினான்.

ஊற்று இறைப்பது என்றால் பொறுமை வேண்டும். குழிக்குள் குந்தி உட்கார்ந்து, கசிகிற தண்ணீரைச் சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடத்தில் விட வேண்டும். ஒரு குடம் நிறைய ஒரு நாழிகை ஆகும். அந்தப் பக்கத்து ஊர்களில் இதற்கு ஒரு முறை உண்டு. குழிக்குள் இருக்கும்போது யார் கூப்பிட்டாலும் உள்ளிருந்து குரல் கொடுக்கக் கூடாது. எவ்வளவு அவசரமானாலும் மேலே ஏறி, கூப்பிட்டவருக்கு முகத்தைக் காட்டி, அதற்குப் பிறகுதான் பேச வேண்டும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

கூத்தையாவுக்கும் தெரியும். ஆனால் மணல் சரிகிற குழியிலிருந்து ஏறி வருவதற்குள் பூமயிலின் இரண்டாவது கூப்பாடு வந்துவிடும். இரண்டாவதில் குரல் நடுங்கும். மூன்றாவது கூப்பாட்டை அவன் ஒரே ஒரு தடவைதான் கேட்டான். அதை இன்னொரு தடவை கேட்க அவனுக்குத் தெம்பில்லை. அதனால் குழிக்குள் இருந்தபடியே சொல்லத் தொடங்கினான். "இருக்கேன் புள்ள." ஈர மணல் சுவர்கள் அந்தக் குரலை வாங்கிக்கொண்டன. ஒரு நாளைக்கு இருபது தடவை. ஒரு மாதம்.

பக்கத்துப் புஞ்சைக்காரி சோணையம்மாள், அவனுக்கு அத்தை முறை, ஒருநாள் ஓடை வழியாகப் போனவள் அதைக் கேட்டுவிட்டுப் பதறி நின்றாள்.

"ஏலே, கூறு கெட்டவனே! குழிக்குள்ள இருந்தா கொரல் குடுக்குற? மேல ஏறி மூஞ்சியக் காட்டிட்டுப் பேசுடா."

"அவ தாங்க மாட்டா அத்தை."

"அவ தாங்க மாட்டான்னு? நல்லாருக்குடா நியாயம். எது கேட்டுக்கிட்டு இருக்குன்னு யாரு கண்டா?"

"கேட்டா கேட்டுட்டுப் போகுது," என்று அவன் சிரித்தான். அப்போது சிரிக்க முடிந்தது.

பதில் தானாகப் போன அந்த உச்சிவேளைக்குப் பிறகு இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது நாள், வீட்டுக்குப் பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்தபோது பூமயில் கூப்பிட்டாள். "இருக்கேன்" என்று அவன் சொன்ன அதே நொடியில் ஓடையிலிருந்தும் "இருக்கேன்" என்று வந்தது. எதிரொலி என்று நினைத்தான். எதிரொலி பின்னால்தானே வர வேண்டும்? அடுத்த தடவை அவன் மூச்சை இழுப்பதற்குள் அது சொல்லி முடித்துவிட்டது.

கோடரியைக் கீழே போட்டான். ஓடிப்போய் ஊற்றில் எட்டிப் பார்த்தால், தண்ணீர், சிரட்டை, ஒரு தட்டான். காற்றுகூட உள்ளே இறங்கவில்லை. உப்பும் சேறும் கலந்த வாடை மட்டும் குழியிலிருந்து மேலேறி அவன் முகத்தில் பட்டது, யாரோ அண்ணாந்து மூச்சு விடுகிற சூட்டோடு.

அன்று இருட்டும் முன் கஞ்சி கரைத்துக் கொடுத்தபோது பூமயில் தலை சீவியிருந்தாள். கார்த்திகைக்குப் பிறகு முதல் தடவை. அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இன்னைக்கு நல்லாப் பேசுனீக," என்றாள்.

"நானா?"

"பெறகு யாரு? மத்தியானம். நான் கூப்புடாமலே நீங்களாப் பேசுனீகளே. பயப்படாத, நான் எங்கயும் போகமாட்டேன்னு. எத்தன தடவ! ஒரு தடவகூடச் சலிச்சுக்கல."

அவன் கஞ்சியைக் குடித்தான். அவன் சலித்துக்கொண்டதுண்டு. பதில் சொல்லும்போது பல்லைக் கடித்ததுண்டு. அதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது, இத்தனை நாளும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும், மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது. கூத்தையா பயந்தான். இராத்திரி தூங்காமல் ஓடைப் பக்கமே காதை வைத்துக் கிடந்தான். ஆனால் அவன் பயத்தோடு கூடவே இன்னொன்றும் இருந்தது. பூமயில் சாப்பிடுகிறாள். பூமயில் எழுந்து வாசல் தெளிக்கிறாள். நேற்று அவனைப் பார்த்து, "பனங்காத் தலையா" என்றாள். அதுவரை அவன் கொடுத்த பதில்கள் கொண்டுவராத சிரிப்பை அந்தப் பதில்கள் கொண்டுவந்திருந்தன. அதைப் போய் எந்த வாயால் நிறுத்தச் சொல்வது, யாரிடம் சொல்வது? அவன் யாரிடமும் சொல்லவில்லை. சோணையம்மாள் எதிரில் வந்தால் வேறு வரப்பில் இறங்கிப் போனான்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழிந்து, பறித்துக் காயவைத்த மிளகாய் மூட்டையோடு சாயல்குடிக்குப் போக வேண்டி வந்தது. பூமயிலிடம் அவன் சொல்லவில்லை. சொன்னால் கலங்குவாள் என்பது ஒரு சாக்கு. காலையில் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடைக்குப் போகிறவன்போலப் போய், பனைகளுக்குப் பின்னால் வைத்திருந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். ஓடையைத் தாண்டும்போது ஊற்றைப் பார்க்கவில்லை. ஆனால் பக்கத்தில் வந்ததும் அவன் நடை தானாக மெதுவானது. ஒரு ஆளிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போகிறவன் நடை அது. அவன் மனசுக்கு அது தெரியும்.

முதுகுக்குப் பின்னால் தூரத்தில் கேட்டது. "இருக்கீகளா?"

"இருக்கேன் புள்ள."

அவன் திரும்பவில்லை. நடந்தான்.

வெயில் தாழ வீடு வந்து சேர்ந்தபோது அவள் வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். முகம் தெளிவாக இருந்தது. அவனைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள், செல்லமாக.

"இப்பத்தான எந்திரிச்சுப் போனீக, அதுக்குள்ள வேட்டி மாத்தியாச்சா?"

"எப்ப?"

"இப்பத்தேன். மத்தியானம் புடிச்சு உள்ளதான உக்காந்திருந்தீக. நான் படுத்துக் கெடந்தேன், நீங்க அந்த மூலையில, செவுத்தப் பாத்து. மூஞ்சியக் காட்டுங்கன்னேன், பெறகு காட்டுறேன்னீக." சிரித்தாள். "ஒரே மணலு ஒங்க மேல. குளிச்சுட்டு வாங்கன்னு சொன்னேன்ல?"

கூத்தையா உள்ளே போனான். ஓலைக்கூரை வீடு, ஒரே அறை, சாணி மெழுகிய தரை. மேற்கு மூலையில் தரை நனைந்திருந்தது. இரண்டு பாதம் அகலத்துக்கு ஈர மணல். குந்தி உட்கார்ந்த ஆளின் வேட்டித் தடம். சுவரில், முகம் இருக்க வேண்டிய உயரத்தில், வட்டமாக ஒரு ஈரம். அந்த உப்பு வாடை.

"என்ன அப்படிப் பாக்குறீக?" வாசலிலிருந்து அவள் குரலில் அந்தப் பழைய நடுக்கம் எட்டிப் பார்த்தது. "நீங்கதான அது?"

சொல்லிவிடலாம். நான் சாயல்குடிக்குப் போயிருந்தேன் புள்ள, உன்னைத் தனியாக விட்டுவிட்டுப் போனேன், நீ பேசிக்கொண்டிருந்தது நான் இல்லை. சொன்னால் என்ன ஆகும்? அவன் கண்ணுக்கு முன்னால் அந்தக் கிணற்று விளிம்பு வந்தது. உள்பக்கமாக நீட்டிக்கொண்டிருந்த கால் விரல்கள் வந்தன.

"நாந்தேன்," என்றான். "பெறகு யாரு?"

அந்த ராத்திரி முழுவதும் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். விடிந்த பிறகும் அவளை விட்டு நகரவில்லை. அடுப்படியில் கூடவே நின்றான், அவள் கேலி செய்தாள், அவனும் சிரித்துவைத்தான். ஓடைப் பக்கம் ஒரு சத்தம் இல்லை. உச்சிவேளைக்கு அவள் கண்ணயர்ந்ததும் மெதுவாக எழுந்தான். அவள் விழிப்பதற்குள் தூர்த்துவிட வேண்டும். ஒன்றரை மாதத்துக்கு முன் தோண்டி எடுத்த மணல் முழுக்கக் குழியின் விளிம்பிலேயே குவிந்து கிடந்தது. தள்ளிவிட வேண்டியதுதான். அரை மணி நேர வேலை. கதவைச் சாத்திவிட்டு மண்வெட்டியோடு போனான்.

வெயிலில் கண் கூசியது. பனை ஓலைகள்கூட அசையவில்லை. முதல் வெட்டு மணல் தண்ணீரில் சளக்கென்று விழுந்தது, சிரட்டை முங்கியது, இரண்டாவது வெட்டு, மூன்றாவது வெட்டு, தண்ணீர் கலங்கிச் சேறாகி மணலுக்கடியில் போனது, அவன் நிறுத்தாமல் வெட்டித் தள்ளினான், மூச்சு இரைத்தது, வேர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது, தள்ளத் தள்ள அடியிலிருந்து ஒரு முணுமுணுப்பு ஏறி வந்தது.

"இருக்கேன்."

தள்ளினான்.

"இருக்கேன் புள்ள. பயப்படாத."

"செத்துத் தொல," என்று கத்தினான். அவன் குரலும் அதன் குரலும் ஒன்றாகவே கேட்டன. தள்ளினான். முணுமுணுப்பு மணலுக்கடியில் மங்கியது. நின்றது.

நின்ற பிறகுதான் பார்த்தான். விளிம்பில் குவிந்திருந்த மணல் தீர்ந்துவிட்டது. குழி நிறையவில்லை. பாதிகூட இல்லை. எடுத்த மணல் அவ்வளவும் உள்ளே போயிருக்கிறது. எங்கே போயிருக்கிறது? ஓடைத் தரையைக் கொத்தி இன்னும் இழுத்துத் தள்ளினான். விழுந்த மணல் நடுவில் குழிவாகி, மெல்லச் சுழன்று, கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

காலடியில் விளிம்பு சரிந்தது. இடுப்பு மட்டும் உள்ளே போனான். ஈரம். குளிர். காலை யாரும் பிடிக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும், எதுவும் பிடிக்கவில்லை. கீழே ஒன்றுமே இல்லை. வெறும் மணல் இறங்கிக்கொண்டிருந்தது. நகத்தால் பிராண்டி, மார்பால் ஊர்ந்து, தலைமுடி முதல் கால் வரை மணல் அப்பியபடி வெளியே வந்து விழுந்தான்.

"இருக்கீகளா?"

பூமயில். விழித்துவிட்டாள்.

"இருக்கேன்! இருக்கேன் புள்ள!"

"இருக்கீகளா?" இரண்டாவது. நடுங்கியது.

"இருக்கேன்!" தொண்டை கிழியக் கத்தினான். வாயில் மணல். ஓடினான்.

மூன்றாவது வரவில்லை.

சாத்திவிட்டு வந்த கதவு உள்ளே தாழிட்டிருந்தது. இரண்டு கையாலும் அடித்தான்.

"கதவத் தொற புள்ள! நாந்தேன்!"

உள்ளே அவள் பேசினாள். அவனிடம் இல்லை. தாழ்ந்த குரலில், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற குரலில்.

"வெளிய ஒங்க கொரல்ல ஏதோ பேசுதுங்க."

"தெரியும்," என்றது அவன் குரல், உள்ளே. நிதானமாக. சலிப்பில்லாமல். "ஊத்துல இருந்து வந்தது. தொறந்துறாத. கொஞ்ச நேரம் கத்தும், போயிரும்."

கூத்தையா கதவில் வாயை ஒட்டினான்.

"பூமயிலு. அது நானில்ல. நேத்து நான் சாயல்குடிக்குப் போயிட்டேன். பொய் சொல்லிட்டேன் ஒங்கிட்ட. அது நானில்லடி. வந்து என் மூஞ்சியப் பாரு."

பலகைகளுக்கு நடுவே ஒரு விரல் அகலத்துக்கு வெடிப்பு இருந்தது. காலடி கேட்டது. கனமான, புதைந்து புதைந்து எடுக்கிற காலடி. வெடிப்பில் அவள் கண் வந்தது. அவளுடைய கண்தான். ஈரமாக, பெரிசாக. அவன் முகத்தை இரண்டு கையாலும் துடைத்தான். கையெல்லாம் மணல். மறுபடி துடைத்தான். மறுபடி. மணல் உதிர்ந்தது, உதிர உதிர அடியில் மணல்தான் இருந்தது.

அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"மூஞ்சியே இல்லைங்க," என்றாள் உள்ளே திரும்பி. கண் வெடிப்பை விட்டுப் போனது.

"பூமயிலு!"

தோளால் மோதினான். ஆட்டுக்குட்டி முட்டினாலே ஆடுகிற கதவு அது. அசையவில்லை. உள்பக்கம் ஏதோ கனமாகச் சாய்ந்திருந்தது. கதவின் அடியிலிருந்து, அவன் கால் விரல்களுக்கு மேல், மெல்லிசாக ஈர மணல் வழிந்தது.

வெடிப்பில் கண்ணை வைத்தான்.

கூரை ஓட்டைகள் வழியாக வெயில் காசு காசாக உள்ளே விழுந்திருந்தது. மேற்கு மூலையில் பூமயில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் சுவர் பக்கம் இருட்டாக இருந்தது. அந்த இருட்டிலிருந்து இரண்டு கைகள் வந்து அவளை அணைத்திருந்தன. இடது மணிக்கட்டில் அரிவாள் பட்ட தழும்பு. அவனுடைய கைகள். அந்த விரல் இடுக்குகளிலிருந்து, முழங்கையிலிருந்து, மணல் இறங்கிக்கொண்டிருந்தது. சத்தமில்லாமல். நிற்காமல். அவன் ஓடையில் தள்ளிய மணல் அவ்வளவும்.

மணல் அவள் இடுப்பளவு ஏறியிருந்தது.

அவள் தலை பின்னால் சாய்ந்து கிடந்தது. கண்ணை மூடியிருந்தாள். நெற்றியில் ஒரு சுருக்கம் இல்லை. ஐந்து மாதமாக அவன் தாலாட்டியும், கெஞ்சியும், காவல் இருந்தும் வராத தூக்கம் அவள் முகத்தில் வந்திருந்தது. ஒரு கை மெல்ல எழுந்து, அவள் கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கியது.

கூத்தையா கதவை அடித்துக்கொண்டே இருந்தான். அவள் விழிக்கவில்லை. மணல் அவள் மார்பைத் தொட்டது.